முதல் சவரக் கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

பாதிமீசை:

எல்லாருக்கும் வணக்கம். பத்து வருடம் கார்ட்ரிட்ஜ், அப்புறம் இரண்டு வருடமாக இருபக்க பிளேடு போடும் சேஃப்டி ரேஸர். இப்போது மடக்கும் சவரக் கத்தி பழகலாம் என்று ஆசை. பிளேடு மாற்றும் ரகத்தைச் சொல்லவில்லை, தீட்டித் தீட்டியே வருடக்கணக்கில் ஓட்டும் அந்தப் பழைய பாணிக் கத்தியைத்தான் சொல்கிறேன். ஆசை வந்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் ஒன்றும் வாங்கவில்லை, படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒருவர் 5/8 போதும் என்கிறார், ஒருவர் 6/8-க்குக் கீழே தொடாதே என்கிறார், இன்னொருவர் அகலமெல்லாம் ஒரு விஷயமே இல்லை, குழிவைப் பார் என்கிறார். குழிவு என்றால் என்ன, அது கூடினால் நல்லதா குறைந்தால் நல்லதா என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

என் விவரம்: தாடி முரடு. கன்னத்தில் ஒழுங்காகக் கீழ்நோக்கி வளர்கிறது, கழுத்தில் மட்டும் சுழி போட்டு நாலா பக்கமும் திரும்பி நிற்கிறது. கார்ட்ரிட்ஜ் காலத்தில் கழுத்தெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக வரும், சேஃப்டி ரேஸருக்கு மாறியதும் பாதி குறைந்தது. பிரஷ், சோப்பு எல்லாம் இருக்கிறது, நுரை கூட்டத் தெரியும். வாரத்துக்கு மூன்று நாள் சவரம் செய்தால் எனக்குப் போதும்.

இப்போது ஒரு செட் பார்த்து வைத்திருக்கிறேன். கருப்பு அலகு, அதில் டிராகன் படம், கூடவே ஒரு சின்னத் தோல்வார், பச்சை நிறத்தில் ஏதோ ஒரு பசைக்கட்டி, மரப்பெட்டி. 'டமாஸ்கஸ்' (வரிவரியாகத் தெரியும் எஃகு) என்று வேறு எழுதியிருக்கிறது. விலையும் ரொம்பக் குறைவு. பார்க்க அழகாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொடங்குவதற்கு இது போதுமா? சாணைக்கல்லும் இப்போதே வாங்க வேண்டுமா? வீட்டில் 'முகத்தோடு எதற்கு இந்த விஷப்பரீட்சை' என்று கேட்கிறார்கள், அதற்கும் ஒரு பதில் இருந்தால் சொல்லுங்கள்.


ஈரத்துண்டு:

அந்த டிராகனை வாங்காதீர்கள். மற்றதைப் பெரியவர்கள் வந்து சொல்வார்கள்.


சாணைப்பொறி:

நான் பெரியவனெல்லாம் இல்லை, ஆனால் முதல் கத்தி விஷயத்தில் நன்றாக அடிபட்டவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று விடுபட்டிருக்கிறது, அதுதான் முதலில் வர வேண்டியது. கத்தியை யார் தீட்டியது? அகலம், குழிவு, எஃகு, ஊர்ப்பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். தொழிற்சாலையிலிருந்து வரும் புதுக் கத்திகளில் பல, நல்ல பெயருள்ளவை உட்பட, பெட்டியிலிருந்து எடுத்து நேரே முகத்தில் வைக்கும் பதத்தில் வருவதில்லை. கூர் வரும்படி இரு பக்கமும் தேய்த்துச் சரிவு போட்டிருப்பார்கள், காகிதத்தை வெட்டும், கை முடியைக்கூடச் சிரைக்கும். ஆனால் கை முடி வேறு, ஊறிய தாடி மயிரைத் தோலோடு ஒட்ட இழுக்காமல் வெட்டுவது வேறு.

என் முதல் கத்தி அப்படி வந்ததுதான். விற்றவர் பெயர் வேண்டாம். பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. நுரை போட்டுக் கன்னத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வார் பிடித்தது, அதாவது தோல்வாரில் கத்தியை இழுத்தது, போதவில்லை போலும் என்று நூறு தடவை பிடித்தேன், மறுநாள் இருநூறு தடவை. இரண்டு வாரம் இப்படியே, கோணம் தவறு, கை தவறு, தோல் தவறு என்று என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் கத்தி தீட்டுவதில் கைதேர்ந்த ஒருவரிடம் அனுப்பினேன். திரும்பி வந்ததும் அதே கத்தி, அதே கை, அதே முகம். கன்னத்தில் வைத்து இழுத்தபோது சரசரவென்று ஒரு சத்தம் மட்டும்தான் கேட்டது, காய்ந்த சருகின் மேல் விரலால் கோடு போட்டது போல. இழுவை என்பதே இல்லை. அன்றைக்குத்தான் புரிந்தது, அந்த இரண்டு வாரமும் நான் பழகியது சவரமே இல்லை என்று.

ஆகவே விற்பவரிடம் இந்த மூன்றைக் கேளுங்கள். யார் தீட்டியது, எந்தக் கல்லில் முடித்தது, தீட்டியபின் யாராவது அதில் சவரம் செய்து பார்த்தார்களா. மூன்றுக்கும் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். 'ரொம்ப ஷார்ப் சார்' என்று மட்டும் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். தோல்வார் மழுங்கிய கத்தியைக் கூராக்காது, இதை மறக்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் கூரை நேராக்கி வைப்பதுதான் அதன் வேலை.

சரி, இனி உங்கள் குழப்பத்துக்கு வருவோம்.

அகலம் என்பது முதுகிலிருந்து கூர் வரை உள்ள தூரம், அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். 5/8 என்றால் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர், 6/8 என்றால் 19. நடுவில் உள்ள வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான், அதற்குத்தான் இத்தனை சண்டை. 4/8 மூக்குக்குக் கீழே சுலபமாகப் போகும், ஆனால் நான்கு இழுப்பிலேயே நுரை வழிந்து பிடியில் ஏறிவிடும். 8/8 கனமாக இருக்கும், கன்னத்தில் வைத்தால் எங்கே வெட்டுகிறோம் என்பதையே மறைத்துவிடும். 5/8, 6/8 இரண்டில் எது நல்ல பதத்தோடு கிடைக்கிறதோ அதை எடுங்கள், அதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

குழிவுதான் சுவாரசியமான விஷயம். கத்தியை விரித்து, முனைப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பழைய ஆப்புக் கத்தி என்றால் முதுகில் தடிப்பாகத் தொடங்கி நேராகச் சரிந்து கூரில் முடியும், மரம் பிளக்கும் ஆப்பு போலவே இருக்கும். குழிவுக் கத்தியில் இரு பக்கமும் வட்டச் சாணையால் சுரண்டி எடுத்திருப்பார்கள், முதுகுக்குக் கீழே உடம்பு உள்வாங்கி, கூருக்கு மேலே காகிதம் போல மெலிந்திருக்கும். கால் குழிவு, அரைக் குழிவு, முழுக் குழிவு என்று படிப்படியாகப் போகும். முழுக் குழிவுக் கத்தி பாடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முடியை வெட்டும்போது அந்த மெல்லிய உலோகம் அதிர்ந்து சன்னமாக ஒலிக்கும், கோணம் மாறினால் ஒலியும் மாறும், பழகுபவனுக்கு அது ஒரு வாத்தியார் மாதிரி. ஆனால் அழுத்தினால் வளையும். ஆப்புக் கத்தி வாயே திறக்காது, கனத்தாலேயே முரட்டுத் தாடியை அறுத்துக்கொண்டு போகும், ஆனால் தீட்டும்போது நிறைய உலோகத்தைத் தேய்க்க வேண்டியிருப்பதால் பொறுமையைச் சோதிக்கும். உங்கள் முரட்டுத் தாடிக்கு அரைக் குழிவோ முழுக் குழிவோ தாராளமாகப் போதும். முரட்டுத் தாடி என்றால் ஆப்புதான் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு உங்கள் வழியில் போங்கள்.

முனை உருண்டையாக இருக்கட்டும். கூர்முனைக் கத்தி மீசையோரத்தைச் செதுக்க அருமையாக இருக்கும், காது மடலைச் செதுக்கவும் அதே அளவு அருமையாக இருக்கும். என் இடது காதுக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளைக் கோடு உண்டு, அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

எஃகில் கார்பன், ஸ்டெயின்லெஸ் என்று இரண்டு. இரண்டிலும் நல்ல சவரம் கிடைக்கும். கார்பன் எஃகு கல்லில் சீக்கிரம் வசப்படும், ஆனால் ஈரத்தோடு மூடி வைத்தால் மறுநாளே புள்ளி விழும், அதுவும் கூரில்தான் முதலில் விழும். முகம் கழுவப் போகும் முன்பே கத்தியைத் துடைத்துவிடுவேன் என்றால் கார்பன், மறதிக்காரர் என்றால் ஸ்டெயின்லெஸ்.

கல் இப்போது வேண்டவே வேண்டாம். இந்தக் கத்தியின் அமைப்பு புத்திசாலித்தனமானது. முதுகையும் கூரையும் சேர்த்துக் கல்லில் படுக்க வைத்தால் போதும், கோணத்தை முதுகின் தடிமனே பார்த்துக்கொள்ளும். 19 மில்லிமீட்டர் அகலமும் 5.3 மில்லிமீட்டர் முதுகும் இருந்தால் கூர்க்கோணம் ஏறத்தாழ 16 டிகிரி, கணக்கு அவ்வளவுதான். சமையல் கத்திக்கு நாம் கையால் கோணம் பிடித்துத் தடுமாறுகிறோமே, அந்தத் தொல்லை இதில் கிடையாது. அப்படியும் 1000 கிரிட் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைஸாகும்) சரிவு போட்டு, 4000, 8000, 12000 என்று ஏறிப் போவதற்குள் நூறு இடத்தில் சறுக்கலாம். நல்ல கூர் முகத்தில் எப்படி இருக்கும் என்று தெரியாதவன் தீட்டினால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. முதலில் மூன்று நான்கு மாதம் சவரம் செய்யுங்கள். ஒழுங்காக வார் பிடித்தால் ஒரு தீட்டல் அதுவரை தாங்கும், மழுங்கினால் அனுப்பித் தீட்டி வாங்குங்கள்.

தோல்வார் கட்டாயம் வேண்டும், அதுவும் கத்தியோடு சேர்த்தே வாங்க வேண்டும். தொங்கவிடும் ரகம், ஒரு பக்கம் தோல், மறுபக்கம் முரட்டுத் துணி. முதல் வார் விலை குறைந்ததாகவே இருக்கட்டும், எப்படியும் அதை அறுக்கப் போகிறீர்கள். நான் அறுக்க மாட்டேன் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள்.


நுரைத்தச்சன்:

சாணைப்பொறி சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் நேரே நிஜக் கத்திக்குப் போக வேண்டுமா என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. நான் முதலில் ஷாவெட் வாங்கினேன். அதே மடக்குக் கத்தி உருவம், உள்ளே பாதி உடைத்த இருபக்க பிளேடைச் செருகிக்கொள்ளலாம். பாதிமீசை கையில் சேஃப்டி ரேஸர் பிளேடு ஏற்கெனவே இருக்கிறது, அதையே போடலாம். தீட்ட வேண்டாம், வார் வேண்டாம், துரு பயமில்லை. கை பழகுகிறதா, இது நமக்குச் சரிப்படுமா என்று பார்க்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. பிடிக்கவில்லை என்றால் நஷ்டமும் பெரிதாக இல்லை. ஆறு மாதம் அதில் ஓட்டிவிட்டுத்தான் நிஜக் கத்திக்கு வந்தேன், வந்தபோது கை நடுக்கமே இல்லை. புதுக் கூர், எப்போதும் ஒரே பதம். பழகுபவனுக்கு அந்த ஒரே சீரான பதம் பெரிய விஷயம், 'கத்தி மழுங்கியா, கை மழுங்கியா' என்ற சந்தேகமே வராது, சாணைப்பொறி இரண்டு வாரம் பட்ட பாடு எனக்கு ஒரு நாள்கூட இல்லை.


சாணைப்பொறி:

கடைசி வரி என்னைச் சரியாகக் குத்திவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். பதம் பற்றிய சந்தேகம் வராது என்பது உண்மை. ஆனால் ஷாவெட்டை நிஜக் கத்திக்குப் பயிற்சி வண்டி என்று சொல்வதில்தான் எனக்குச் சங்கடம். அதில் ஓட்டப் பழகியவனுக்கு இதில் எல்லாம் சுலபமாகத் தெரியும், ஏனென்றால் அதுதான் இரண்டில் கடினமானது. எடை இல்லை, அதனால் கை தானாக அழுத்தும். பிளேடு மெல்லியது, விறைப்பாகப் பிடிபட்டிருக்கும், துளி கோணம் கூடினாலும் மன்னிக்காது. மூலைகள் இரண்டும் பல ரகத்தில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நன்றாகத் தீட்டி வார் பிடித்த கத்தியின் கூர் தோலில் வழுக்கிப் போகும், புது பிளேடு தோலையும் சேர்த்துத் தேடும். கழுத்தில் பொரிப்பொரியாக வரும் ஒருவரை அங்கிருந்து தொடங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொழில் செய்பவர்கள் அதைப் பிடித்திருப்பதற்குக் காரணமே வேறு. ஆளுக்கொரு புது பிளேடு, ரத்தத்தால் பரவும் ஹெபடைடிஸ் போன்றவற்றுக்கு இடமில்லை. சுத்தம் என்ற ஒரு விஷயத்தில் அதை அடித்துக்கொள்ள முடியாது. வீட்டில் ஒரே முகம், ஒரே கத்தி, அந்தக் காரணம் இங்கே பொருந்தாது.


நுரைத்தச்சன்:

சரி, பயிற்சி வண்டி என்ற எண்ணத்தைக் கைவிடுகிறேன். ஆனால் செலவு என்று பார்த்தால் என் கட்சி இன்னும் நிற்கிறது. கத்தி, வார், அனுப்பித் தீட்டும் கூலி என்று கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். அப்புறம் ஷாவெட்டிலேயே நீளமான தடித்த பிளேடு போடும் ரகம் இருக்கிறது, ஃபெதர் ஆர்ட்டிஸ்ட் கிளப் மாதிரி, அது பாதி பிளேடு ரகத்தைவிட எவ்வளவோ சாது. விலை மட்டும் சாது இல்லை.


துருமேல்காதல்:

ஒரு வாரம் கழித்து வருகிறேன், இன்னும் யாரும் பழைய கத்தியைப் பற்றிப் பேசவில்லையே, ஆச்சரியம்.

என்னிடம் இருப்பவை எல்லாமே யாரோ ஒருவர் பயன்படுத்திவிட்டுப் போனவை, சில நூறு வயதைத் தாண்டியவை. 1903-இல் ஜில்லெட்டின் மாற்று பிளேடு ரேஸர் விற்பனைக்கு வருவதற்கு முன்பு முகம் மழித்த உலகம் பெரும்பாலும் இந்தக் கத்தியைத்தான் நம்பியிருந்தது. எவ்வளவு செய்து குவித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவற்றில் நல்லது இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது, அதே தரத்தில் புதிதாக வாங்குவதைவிடக் குறைந்த விலைக்கும் கிடைக்கும். ஜெர்மனியின் ஸோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர், ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனா, இந்த ஊர்ப்பெயர்களை அலகும் பிடியும் சேரும் கழுத்துப் பகுதியில் தேடுங்கள். ஸோலிங்கன் பெயருக்கு 1938-லிருந்து சட்டப் பாதுகாப்பே உண்டு, கண்ட இடத்தில் செய்து அந்தப் பெயரைப் பொறிக்க முடியாது. ஷெஃபீல்டு கத்திகளில் 'சில்வர் ஸ்டீல்' என்று பார்த்தால் வெள்ளி என்று எண்ணி ஏமாற வேண்டாம். 1820-ஐ ஒட்டிய வருடங்களில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்யும் ஸ்டோடார்ட்டும் எஃகில் ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி கலந்து பார்த்தது உண்மை, ஆனால் பிறகு அந்தப் பெயர் ஒரு விற்பனைச் சொல்லாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் பழையதில் ஏமாறுவதும் சுலபம். படத்தை மட்டும் பார்த்து வாங்குவதாக இருந்தால் இன்னும் சுலபம். நான் முதலில் பார்ப்பது கூரின் கோடு. நேராக இருக்கலாம், நடுவில் லேசாகப் புடைத்துப் புன்னகை மாதிரி இருக்கலாம், அதுவும் நல்லதுதான். நடுவில் உள்வாங்கி அழுமூஞ்சியாக இருந்தால் விட்டுவிடுங்கள், அதைச் சரிசெய்வதற்குள் பாதிக் கத்தி தேய்ந்துவிடும். அடுத்து முதுகு. கல்லில் பட்டுத் தேய்ந்த பளபளப்புப் பட்டை இரு பக்கமும், தொடக்கத்திலிருந்து முனை வரை ஒரே அகலத்தில் ஓட வேண்டும். ஒரு பக்கம் நூல் மாதிரியும் இன்னொரு பக்கம் விரல் மாதிரியும் இருந்தால், ஒன்று அலகு முறுக்கியிருக்கிறது, இல்லையென்றால் தீட்டியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார்.

துரு இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். முதுகிலோ கழுத்திலோ கருப்புத் திட்டு இருந்தால் அது வெறும் அழகுப் பிரச்சினை. கூரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் குழி விழுந்திருந்தால், தீட்டத் தீட்ட அந்தக் குழி கூரில் வந்து நின்று உதிரும். கூரில் முடிக்கோடு மாதிரி ஒரு விரிசல் இருந்தால் கதை முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பிடிக்க ஒரு வழி: மேசை விளக்குக்கு அடியில் கத்தியை மெல்லத் திருப்பிக்கொண்டே கூரைப் பாருங்கள், ஒளி ஒரே கோடாக ஓடி வந்து ஓரிடத்தில் மட்டும் துண்டுபட்டு மினுக்கும். அந்த இடம்தான்.

கைப்பிடியையும் பாருங்கள். கொம்பு என்றால் பூச்சி அரித்திருக்கும், ஆணியைச் சுற்றி வெடிப்பு இருக்கும், அதெல்லாம் பரவாயில்லை. பழைய செல்லுலாய்டு பிடி அழுகத் தொடங்கியிருந்தால்தான் ஆபத்து. அது அமில ஆவியை விடும், பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதி மட்டும் கன்னாபின்னாவென்று துருவேறும், பக்கத்தில் வைத்த கத்தியையும் கெடுக்கும். அப்படி ஒன்று என் பெட்டியிலிருந்த இரண்டு நல்ல கத்திகளைத் தின்றுவிட்டது. பெட்டியைத் திறந்தபோது கற்பூர வாடை தூக்கியது, அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

வாங்கியதும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நன்றாகத் துடைத்துக் கிருமி நீக்குங்கள், கொதிக்கும் நீரில் மட்டும் போடாதீர்கள், பிடி கோணிக்கொள்ளும். அப்புறம் தீட்டுபவரிடம் அனுப்புங்கள். ஏற்கெனவே ஒருவர் சுத்தம் செய்து, தீட்டி, சவரம் செய்து பார்த்து விற்கும் பழைய கத்தி கிடைத்தால் அதைவிடச் சிறந்த முதல் கத்தி இல்லை என்பேன்.

டிராகன் கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. நிஜமான டமாஸ்கஸ் எஃகில் வரிகள் முதுகையும் தாண்டி மறுபக்கம் தொடர்ந்து போகும். மேலே அச்சடித்த வரி முதுகோடு நின்றுவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.


பாதிமீசை:

பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகோடு நின்றுவிட்டது. நன்றி.

எல்லாரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. முடிவு செய்துவிட்டேன். பழைய ஸோலிங்கன், 5/8, முழுக் குழிவு, உருண்டை முனை, கார்பன் எஃகு. விற்பவரிடம் சாணைப்பொறி அண்ணன் சொன்ன மூன்றையும் கேட்டேன். தீட்டியது நான்தான், 12000-இல் முடித்தேன், நேற்றுக் காலை என் வலது கன்னத்தைச் சிரைத்துப் பார்த்துவிட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன் என்றார். வலது கன்னம் மட்டும் ஏன் என்று கேட்டேன், இடது கன்னத்துக்கு இன்னொரு கத்தி விற்க வேண்டியிருந்தது என்றார். அவரை நம்பலாம் என்று தோன்றியது.

நுரைத்தச்சன் சொன்ன கணக்கையும் கூட்டிப் பார்த்தேன். ஷாவெட்தான் சிக்கனம், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்ததே தீட்டியும் வார் பிடித்தும் ஓட்டும் அந்தச் சங்கதிதான். முதல் தடவை என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லுங்களேன்.


ஈரத்துண்டு:

இதை நான் சொல்கிறேன். முதல் வாரம் இரண்டு கன்னம் மட்டும், மற்ற இடத்துக்கு உங்கள் சேஃப்டி ரேஸர். வெந்நீர்த் துண்டை முகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து மயிரை நன்றாக ஊறவிடுங்கள், நுரை தளர்வாக, நிறையத் தண்ணீரோடு. காதுக்கு முன்னால் தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தோலை இழுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது, கத்தி பிடித்த கையைவிடப் பிடிக்காத கை அதிகம் உழைக்க வேண்டும். கத்தியை முதலில் தட்டையாக வைத்து, முதுகை மெல்லத் தூக்குங்கள். முதுகுக்கும் தோலுக்கும் நடுவே அதே முதுகு இன்னொன்று படுக்கும் அளவு இடம், கொஞ்சம் கூட இருந்தாலும் சரி, 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். முடி வளரும் திசையில் குட்டிக் குட்டி இழுப்பு. அழுத்தாதீர்கள். பக்கவாட்டில் ஒரு நூல்கூட நகராதீர்கள், வெட்டு விழுவது பெரும்பாலும் அப்படித்தான்.

வார் பிடிக்கும்போது முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னால் இழுபட வேண்டும். முடிவில் திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள், கூரின் மேல் புரட்டினால் வார் போச்சு. வாரை விறைப்பாகப் பிடியுங்கள், தொய்ந்தால் கூர் உருண்டுவிடும். வேகம் வேண்டாம். படத்தில் பார்க்கிற மாதிரி சட்டுச் சட்டென்று அடிக்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். சவரத்துக்கு முன் தோலில் ஐம்பது தடவை போதும்.

படிகாரம் ஒரு கட்டி பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குப் பதில் என்று கேட்டிருந்தீர்கள், என் வீட்டில் நான் சொன்ன எந்தப் பதிலும் எடுபடவில்லை. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான், நடுவில் யாரும் கூப்பிடக் கூடாது.


பாதிமீசை:

மூன்று வாரம் ஆகிறது, நிலவரம் இது.

முதல் நாள் வலது கன்னம் ஒன்றைச் சிரைக்கவே இருபது நிமிடம். இடது கன்னத்துக்கு இடது கையில் கத்தியைப் பிடித்தேன், கை என் பேச்சைக் கேட்கவில்லை, கண்ணாடியில் பார்த்தால் எந்தப் பக்கம் போகிறோம் என்றே புரியவில்லை, வலது கைக்கே மாற்றிவிட்டேன், ஆனால் கை மூக்கைத் தாண்டி வந்து பாதி முகத்தை மறைக்கிறது. மூன்றாவது தடவைதான் அந்தச் சரசரச் சத்தம் கேட்டது. ஒரு இழுப்பில் கேட்டது, அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் கோணத்தைக் கொஞ்சம் படுக்க வைத்தேன், மறுபடி கேட்டது. அப்படியே கண்ணாடி முன்னால் சிரித்துக்கொண்டு நின்றேன், நுரை காய்ந்துவிட்டது.

ஐந்தாம் நாள் வாரை அறுத்தேன். திருப்பும்போது கதவு தட்டப்பட்டது, கூரின் மேல் புரட்டிவிட்டேன். ஓரத்திலிருந்து ஒரு அரை அங்குலத்துக்குத் தோலில் ஒரு மடல் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. கத்திக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை, விளக்கில் பார்த்தேன், ஒளி ஒரே கோடாகத்தான் ஓடுகிறது. இந்த வாரைச் சரிசெய்ய முடியுமா, புதிதுதான் வாங்க வேண்டுமா? இன்னொன்று, கன்னம் இரண்டும் இப்போது சுத்தமாக வருகிறது, கழுத்துச் சுழியைத் தொட இன்னும் தைரியம் வரவில்லை. எப்போது தொடலாம்?


சாணைப்பொறி:

வாரில் மடல் தூக்கியிருக்கிற இடத்தில் துளி ரப்பர் பசையைத் தடவி அழுத்தி வையுங்கள், ஒரு நாள் காயட்டும், மேலே பிசிறாக நிற்பதை நைஸ் உப்புத்தாள் கொண்டு மட்டமாகத் தேயுங்கள். விரலால் தடவினால் தட்டக் கூடாது, தட்டினால் கூரும் அங்கே தட்டும். ஓரத்தில்தான் அறுந்திருக்கிறது என்பதால் தாங்கும். நடுவில் ஆழமாக அறுந்திருந்தால் புதிது வாங்கச் சொல்லியிருப்பேன்.

கழுத்துக்கு முன்னால் ஒரு வேலை. இரண்டு நாள் சவரம் செய்யாமல் விட்டு, விரல் நுனியால் கழுத்தை நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள். எந்தத் திசையில் வழவழப்பாகப் போகிறதோ அதுதான் அங்கே முடி வளரும் திசை. சுழியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு முறை மாறும். ஒரு தாளில் கழுத்து வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். அந்தப் படம் மனப்பாடமானதும் தொடங்குங்கள். அதுவரை அங்கே சேஃப்டி ரேஸரே ஓடட்டும்.